எடுத்த இடம்

“என் விரல் ஒருத்தரைக் கொன்னுட்டுது, டீச்சர்.”

“யாரை?”

“சுடலைமுத்துன்னு ஒருத்தர். ஈ.பி.யில லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர்.”

“எப்ப?”

“போன புதன்கிழமை. காலை எட்டு மணிச் செய்தியில.”

“இப்ப எப்படி இருக்கார்?”

“நல்லாத்தான் இருக்கார்.”

“அப்ப செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க, அண்ணாச்சி,” என்றார் டீச்சர்.

டீச்சரின் பெயர் சபூரா. வயது முப்பத்தொன்று. வாசலில் நின்ற அருளப்பனுக்கு ஐம்பத்துமூன்று. திருநெல்வேலியில் ஓர் உள்ளூர் சேனலில் இருபத்தாறு வருஷமாக எடிட்டர். சபூராவை டீச்சர் என்று கூப்பிடும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. படியேறும்போதே அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது.

அந்த மாடியைச் சுற்றி எங்கும் வெள்ளை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, பஸ் கடைசியாக வந்து திரும்புகிற இடம். உப்பளங்களுக்கு நடுவே, முன்பு உப்பு எடை போடும் ஆபீசாக இருந்த கட்டடம். மேலே நீளமாக ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய சன்னல். மரம் கிடையாது. மனிதர் யாராவது நடந்து போனால்தான் அங்கே நிழல் என்று ஒன்று உண்டு.

படம் எடுக்கிறவர்கள் அங்கே வந்து சபூராவிடம் எடிட்டிங் செய்துகொண்டு போவார்கள். ஏழு சாஃப்ட்வேர் தெரிந்த ஆள் என்று பேர்.

“நடந்ததைச் சொல்லுங்க.”

அருளப்பன் சொன்னார்.

பத்தொன்பது வருஷம் ஒரே சாஃப்ட்வேர். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். போன மாதம் சேனலில் அதை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். திரை வேறு, நிறம் வேறு, ஷார்ட்கட் எல்லாமே வேறு. அருளப்பன் புதிதுக்கு வந்துவிட்டார். அவர் விரல்கள் வரவில்லை.

பழையதில் எக்ஸ் கீயைத் தட்டினால், தேர்ந்தெடுத்த துண்டு மட்டும் போகும். அது இருந்த இடம் காலியாக அப்படியே நிற்கும். புதிதில் அதே எக்ஸைத் தட்டினால் துண்டும் போகும், பின்னால் இருக்கிற படமெல்லாம் முன்னால் நகர்ந்து வந்து காலி இடத்தை மூடியும் விடும்.

புதன்கிழமை ஒரு தலைமை ஆசிரியர் இறந்த செய்தி. அவருடைய இரண்டாவது போட்டோ வேண்டாம் என்று வீட்டார் கடைசி நிமிஷத்தில் சொன்னார்கள். அதை எடுத்துவிட்டால் அடியில் போட்டிருக்கிற குத்துவிளக்குப் படம் தெரியும். அவ்வளவுதான் வேலை. அருளப்பன் எக்ஸைத் தட்டினார். தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அடுத்த செய்தி, புது பஸ் ஒன்று ஓடத் தொடங்கியது பற்றி. முதல் பஸ்ஸில் சன்னலோரமாக ஒருவர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கை காட்டுவார். அந்தப் படம், போட்டோ இருந்த பதினோரு விநாடியை மூட முன்னால் நகர்ந்து வந்தது.

குரல் நகரவில்லை.

‘இன்று அதிகாலை காலமானார்’ என்றது குரல். திரையில் சுடலைமுத்து கை காட்டிக்கொண்டே போனார்.



“சேனல்ல என்ன சொன்னாங்க?”

“அடுத்த செய்தியிலயே மன்னிப்புக் கேட்டாங்க. எனக்கு ரெண்டு வாரம் லீவு. புதுசைப் படிச்சுட்டு வந்து அவங்க முன்னாடி செஞ்சு காட்டணும். இல்லன்னா பழைய படமெல்லாம் அடுக்கி வைக்கிற டேப் ரூம்தான்.”

“என்கிட்ட என்ன வேணும்?”

அருளப்பன் இடது கையை மேஜைமேல் வைத்தார். மோதிர விரலைத் தனியாக நீட்டினார்.

“இதுக்கு எல்லாத்தையும் மறக்க வைக்கணும்.”

“எதுக்கு மறக்கணும்? பழைய கீ எல்லாத்தையும் புதுசுல அப்படியே வச்சுக்கலாமே. ரெண்டு நிமிஷ வேலை.”

“சேனல்ல விடமாட்டாங்க டீச்சர். ஆறு பேர் மாறி மாறி உக்கார்ற சிஸ்டம்.”

“இங்க நான் விடுவேன்,” என்றார் டீச்சர்.

இரண்டு நிமிஷத்தில் மாற்றியும் கொடுத்தார். உப்பளத்தில் பெண்கள் உப்புச் சுமக்கிற ஒரு மணி நேரப் படத்தைத் திறந்து வைத்தார்.

“பத்து நிமிஷமாக்குங்க.”

அருளப்பன் உட்கார்ந்தார். ஒரு மாதமாக அவர் மறந்திருந்த சுகம் அது. நினைப்பதற்கு முன்னால் விரல் போனது. போன இடமெல்லாம் சரியாக இருந்தது. மிதக்கிற மாதிரி இருந்தது. சன்னலில் வெயில் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை.

டீச்சர் வந்து பத்து நிமிஷத்தையும் பார்த்தார்.

“நல்லா இருக்கு.”

“பழைய கை டீச்சர்,” என்று சிரித்தார் அருளப்பன்.

“பச்சைச் சேலை கட்டின அம்மா, கூடையை இறக்கி வச்சுட்டு என்ன செஞ்சாங்க?”

“எந்தப் பச்சைச் சேலை?”

“நீங்க வெட்டி எடுத்தது.”

அருளப்பன் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் பச்சைச் சேலை வரவில்லை.

“ஞாபகம் இல்ல.”

“அதை வெட்டும்போது நீங்க எங்க இருந்தீங்க?”

“இங்கதான். இந்த நாற்காலியிலதான்.”

டீச்சர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

*

மறுநாள் வந்தபோது கீ எல்லாம் புதிய முறைக்கே திரும்பியிருந்தன. கீபோர்டு டீச்சரின் மடியில் இருந்தது.

“சொல்லுங்க, அண்ணாச்சி. இன்னிக்கு உங்க விரல் நான்.”

படம் ஓடியது.

“எக்ஸ்,” என்றார் அருளப்பன்.

டீச்சர் அசையவில்லை.

“எக்ஸ் அடிங்க டீச்சர்.”

“விரலுக்கு எக்ஸ் தெரியாது. உங்களுக்கு என்ன வேணும்?”

“அந்தத் துண்டை எடுக்கணும்.”

“ஏன்?”

“ஏன்னா... நீளமா இருக்கு.”

“எதுக்கு நீளமா இருக்கு?”

அருளப்பன் திரையைப் பார்த்தார். ஒரு பெண் பாத்தி வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தார். தலையில் கூடை. கால் மாற்றிக் கால் வைத்து வந்தார். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் இப்படி அவர் திரையில் நடந்து வந்திருக்கிறார்கள். எல்லோரையும் பாதி வழியில் வெட்டியிருக்கிறார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

“சரி, எடுத்துருங்க,” என்றார் கடைசியில்.

“எடுத்த இடம்?”

“என்ன?”

“எடுத்த இடம் காலியா இருக்கணுமா, மூடணுமா?”

பழைய சாஃப்ட்வேரில் அது காலியாக இருந்தது. புதிதில் மூடிக்கொள்கிறது. இரண்டில் தனக்கு எது வேண்டும் என்று அவர் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அன்று மாலைக்குள் நான்கே வெட்டு. வேட்டி வேர்வையில் நனைந்துவிட்டது. எட்டு மணி நேரம் மூட்டை தூக்கினவர் மாதிரிப் படியிறங்கினார்.

பஸ்ஸில் சன்னல் கம்பியில் தலை சாய்ந்ததும் கனவு வந்தது. உப்பளம் கீபோர்டு மாதிரிச் சதுரம் சதுரமாகக் கிடந்தது. அவர் ஒவ்வொரு சதுரமாகக் கால் வைத்து நடந்தார். கால் வைக்கும்போதெல்லாம் பின்னால் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போனது. திரும்பிப் பார்த்தால் இடைவெளி எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்து நெருங்கி வெள்ளையாக இருந்தது. என்ன போனது என்று தெரியாமல் நின்றார்.

கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

*

ஐந்தாம் நாள் அருளப்பனுக்குக் கோபம் வந்தது.

“ரெண்டு வாரத்துல பாதி போயிடுச்சு டீச்சர். ஒரு ஷார்ட்கட் கூட இன்னும் சொல்லித் தரல.”

“அதெல்லாம் ஒரு தாள்ல இருக்கு. சுவத்துல ஒட்டியிருக்கேன்.”

“தாளைப் பாத்துப் படிச்சுக்க எனக்குத் தெரியாதா? விரல் கேக்க மாட்டேங்குதே!”

கோபத்தோடு எழுந்து அறையின் மூலைக்குப் போனார். அங்கே மண்பானை இல்லை.

பானை எதிர் மூலையில் இருந்தது. முதல் இரண்டு நாள் இந்த மூலையில்தான் இருந்தது. அடுத்த நாள் கதவோரம். நேற்று சன்னலடியில். இன்று அங்கே. மூன்றாவது தடவையாக அவர் காலி மூலையில் டம்ளரும் கையுமாக நின்றார்.

“ஏன் டீச்சர் இந்தப் பானையைத் தினம் தினம் மாத்தி வைக்கிறீங்க?”

“தாகமா இருக்கா?”

“அதுக்குத்தானே வந்தேன்.”

“தாகம் எப்பத் தெரிஞ்சுது? எழுந்திருக்கும்போதா, மூலைக்கு வந்த பிறகா?”

அருளப்பன் டம்ளரைப் பார்த்தார். தொண்டையில் எச்சில் விழுங்கிப் பார்த்தார்.



“தாகம் இல்ல.”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று அவர் ஓர் இடத்தில், “இவங்க கூடையை இறக்கி வச்சுட்டுக் கழுத்தைத் தடவுறாங்க. தடவி முடிக்கிற வரைக்கும் இருக்கணும்,” என்றார். பச்சைச் சேலை கட்டிய பெண்தான் அது.

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. கீயைத் தட்டினார்.

*

ஒன்பதாம் நாள் கீபோர்டு அவர் முன்னால் இருந்தது.

அருளப்பன் கையை வைத்தார். வைத்ததும் எடுத்தார். மறுபடி வைத்தார். இடது மோதிர விரல் உள்ளே மடங்கிக்கொண்டது. மற்ற விரல்கள் எல்லாம் சும்மா இருந்தன.

“என்ன?”

“இது எக்ஸ் பக்கம் போனாலே அந்த ஆளு கை காட்டுறார் டீச்சர்.”

“போய்ப் பாத்தீங்களா?”

“யாரை?”

“கை காட்டுறவரை.”

“சேனல்லதான் மன்னிப்புக் கேட்டாச்சே.”

“சேனலுக்கு விரல் இருக்கா?”

“எந்த முகத்தோட டீச்சர் போறது? என்னன்னு சொல்லிப் போறது?”

டீச்சர் எழுந்து கம்ப்யூட்டரை நிறுத்தினார். திரை கறுத்தது.

“இன்னிக்குக் கரண்ட் இல்ல, அண்ணாச்சி. போயிட்டு வாங்க.”

அருளப்பன் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே ஃபேன் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

*

சுடலைமுத்துவின் வீடு திருநெல்வேலி பேட்டையில் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். கறுத்து மெலிந்த ஆள். வயது அறுபத்தாறு இருக்கும்.

“சேனல்ல இருந்து வாரேன்,” என்றார் அருளப்பன்.

“இன்னும் சாகலைன்னு போய்ச் சொல்லுங்க.”

“அண்ணாச்சி, அதைச் செஞ்சது நான்தான்.”

சுடலைமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் அருளப்பன் நினைத்தார். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

“எந்தக் கை?”

அருளப்பன் இடது கையை நீட்டினார். விரலைக் காட்டினார். விரலோடு சேர்ந்து எல்லாக் கதையும் வெளியே வந்தது. எக்ஸ், பழையது, புதியது, குத்துவிளக்கு, டீ.

சுடலைமுத்து அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். முப்பது வருஷம் கம்பம் ஏறி, கம்பியை முறுக்கி முறுக்கிக் காய்ச்சுப்போன கை அவருடையது. அதற்குள் அருளப்பனின் விரல் பூனைக்குட்டி மாதிரிக் கிடந்தது.

“இதுக்கு என்ன தெரியும்,” என்று விட்டுவிட்டார்.

உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி எடுத்து வந்து போட்டார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அன்னிக்கு ரெண்டு பேர் வாசல்ல வந்து எட்டிப் பாத்தானுவ. ஒண்ணும் சொல்லாமப் போனானுவ. நான் கொடியில வேட்டி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். நான் செத்தது எனக்கே மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் தெரியும். இவ வந்து சொன்ன பிறகு.”

கதவோரம் அவர் மனைவி கோமு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று அருளப்பன் கவனிக்கவில்லை. வெளியே வந்தவர், போகிற போக்கில் கணவரின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்தார்.

“இப்படித்தான் தம்பி,” என்றார் சுடலைமுத்து. “தொட்டுத் தொட்டுப் பாக்கா. மத்தியானம் சித்த கண்ணை மூட முடியல. மூடினா உலுக்கி எழுப்பிடுதா.”

கோமு சிரிக்கவில்லை.

“தேனியில இருந்தேன், மக வீட்டுல,” என்றார் அருளப்பனிடம். “பிள்ளை பெத்திருக்கா. அவ தூங்கிக்கிட்டு இருந்தா. நம்ம ஊர்ச் செய்தி பாப்போம்னு அவ போன்ல உங்க சேனலைப் பாத்தேன்.”

“அக்கா...”

“இவரு மூஞ்சி வந்துச்சு. சிரிச்சாரு. அந்தச் சொல்லு வந்துச்சு. அதுக்குப் பிறகு நான் எதையும் பாக்கலை.”

“போன் போட்டிருக்கலாமே அக்கா.”

“போடணும்னுதான் நெனச்சேன். எடுக்கிறது வேற யாராவதா இருந்துட்டா?”

அருளப்பன் தலை குனிந்தார்.

“மகளை எழுப்பல. செருப்பைப் போட்டுக்கிட்டுப் போய் பஸ் ஏறிட்டேன். தேனியில இருந்து மதுரை, மதுரையில இருந்து இங்க. ஆறு மணி நேரம். அழுகையும் வரல. பக்கத்துல ஒருத்தி இருந்தா. பொட்டலத்தைப் பிரிச்சு ஒரு முறுக்கு நீட்டினா.”

கோமு நிறுத்தினார். சுடலைமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இது அவருக்கும் புதிது போலிருந்தது.

“வாங்கித் தின்னேன் தம்பி. இவரு போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டேதான் தின்னேன். பசிச்சுது. ரெண்டு தின்னேன்.”

சந்தில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“நீங்க படத்துல வெட்டி எடுக்கிறவருதானே? அந்த ஆறு மணி நேரத்தை எடுக்க முடியுமா உங்களால?”

முடியும் முடியாது என்று சொல்வதற்கு முன்னால், அருளப்பனின் மனசு அதை எடுத்துப் பார்த்தது. எடுத்தால் அந்த இடத்தைக் காலியாக விடுவதா? மூடுவதா? மூடினால் காலை எட்டு மணி நேராக மத்தியானம் இரண்டு மணியில் போய் முட்டும். தேனியில் மகள் தூங்குவாள். இங்கே கொடியில் வேட்டி தொங்கும். நடுவில் பஸ் இருக்காது. பஸ்ஸில் முறுக்கு நீட்டினவளும் இருக்க மாட்டாள்.

“முடியாதுக்கா,” என்றார்.

“தெரியும்.” கோமு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப ஒண்ணு செய்ங்க. அந்தப் படத்தை எனக்கு ஒரு தடவை முழுசாக் காட்டுங்க. அந்தச் சொல்லு இல்லாம. இவரு உயிரோட பஸ்ல போறதை நான் பாக்கணும்.”

*

டீச்சர் எதுவும் கேட்கவில்லை. அருளப்பனும் எதுவும் சொல்லவில்லை. கரண்ட் வந்திருந்தது.

மீதி நாட்கள் கனவு மாதிரிப் போயின. சன்னலில் வெள்ளை. திரையில் வெள்ளை. அருளப்பன் வாய்க்குள் முணுமுணுத்தபடி வெட்டினார். இவங்க வரப்புல ஏறுற வரைக்கும். இந்தக் காத்து அடங்குற வரைக்கும். இங்க ஒண்ணும் வேணாம், காலியா இருக்கட்டும். சொல்லி முடித்த பிறகுதான் விரல் இறங்கியது. சில சமயம் பழைய இடத்துக்குப் போகும். போய், மேலே நின்று, திரும்பி வரும். அவர் அதைத் திட்டவில்லை.

சுவரில் ஒட்டியிருந்த தாளை ஒரு மத்தியானம் படித்து முடித்தார். அரைமணி நேரம் ஆனது.

திங்கட்கிழமை சேனலில் உட்கார்ந்தார். செய்திப் பிரிவின் பொறுப்பாளர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒன்பது செய்தி. அதில் ஒரு மரணம்.

“மெதுவா இருக்கீங்க, அருளப்பன்.”

“ஆமா சார்.”

“வாய்க்குள்ள என்ன, ஜெபமா?”

“இல்ல சார். கேட்டுக்கிட்டிருக்கேன்.”

பொறுப்பாளர் ஒன்பது செய்தியையும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வந்துருங்க,” என்று எழுந்து போனார்.

டேப் ரூமுக்கு அருளப்பன் அன்றே போனார். வேலைக்காக இல்லை. பஸ் படத்தைத் தேடி எடுப்பதற்காக.

மொத்தம் ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. அன்று அவர் அதிலிருந்து எடுத்தது கடைசியில் கை காட்டுகிற துண்டு மட்டும். முன்னால் இருந்ததைப் பார்க்காமலே வேகமாக ஓட்டிவிட்டிருந்தார்.

இப்போது முதலிலிருந்து பார்த்தார்.

கேமரா டிரைவர் பக்கத்தில் நிற்கிறது. பஸ் காலி. சுடலைமுத்து ஏறுகிறார். இரண்டு பேர் உட்கார்கிற சீட்டாகப் பார்த்து சன்னலோரம் போய் உட்கார்கிறார். கையிலிருந்த மஞ்சப்பையைப் பக்கத்துச் சீட்டில் வைக்கிறார். கூட்டம் ஏறுகிறது. குடை வைத்திருந்த ஒருவர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பையைப் பார்க்கிறார்.

“ஆள் வருது,” என்கிறார் சுடலைமுத்து.

குடைக்காரர் பின்னால் போகிறார்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. முழுசாக நாற்பது விநாடி. ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பை உட்கார்ந்திருக்கிறது. எந்த எடிட்டரும் வைத்துக்கொள்ளாத நாற்பது விநாடி. மோதிர விரல் தானாக எக்ஸின் மேல் போய் நின்றது.

அருளப்பன் அவசரப்படவில்லை. என்ன வேணும் என்று கேட்டார். காத்திருந்தார்.

திரையில் பஸ் கிளம்பியது. சுடலைமுத்து திரும்பிப் பையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். சிரித்துக்கொண்டே கை காட்டினார்.

அருளப்பன் விரலை எடுத்துவிட்டார். முன்னாலும் பின்னாலும் இருந்த கறுப்பை மட்டும் வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உப்பளத்து மாடிக்குப் போனார். டீச்சர் நின்றபடியே பார்த்தார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடியும் பார்த்தார்.

“என்கிட்ட ஏன் காட்டுறீங்க?” என்றார்.

அருளப்பன் வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்.

*

பேட்டையில் மத்தியான வெயில் வீட்டுக்குள் வராமல் சந்தோடு நின்றிருந்தது. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள். கோமு கீழே, திரைக்கு எதிரில் உட்கார்ந்தார். சுடலைமுத்து அவருக்குப் பின்னால் நின்றார்.

படம் ஓடியது.

சுடலைமுத்து ஏறினார். உட்கார்ந்தார். பையை வைத்தார். குடைக்காரர் வந்தார். ஆள் வருது என்றார் சுடலைமுத்து. குடைக்காரர் போனார்.

நாற்பது விநாடி.

கோமு அசையாமல் பார்த்தார். சுடலைமுத்து பையை மடிக்கு எடுத்ததையும் பார்த்தார். பிள்ளைகளுக்குக் கை காட்டியதையும் பார்த்தார். படம் முடிந்து திரை கறுத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆள் வருதுன்னு யாரைச் சொன்னிய?”

சுடலைமுத்து தலையைச் சொறிந்தார்.

“ஏங்க, உங்களைத்தான். யாருக்கு இடம் பிடிச்சு வச்சிய?”

“உனக்குத்தான்.”

“நான் தேனிக்குப் போய்ப் பத்து நாள் ஆயிருந்துச்சே. உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்ட்டி,” என்றார் சுடலைமுத்து. “கைதான் வச்சிட்டுது.”